இறால் பிரியாணி

எங்கள் பாடசாலைக் கணினி அறைக்குப் பொறுப்பான ரீச்சர் நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. தடித்த கண்ணாடி, ஒன்றுமறியாப் பிள்ளையின் முகம். எந்த ஆசிரியராவது லொக் அவுட் செய்யாமல் எழுந்து போனால், அந்தக் கதிரையில் அமர்ந்து, அவர் பெயரிலேயே எல்லா ஆசிரியர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுவார்: "நாளைக்கு எல்லாருக்கும் என்ர வட்டிலப்பம்."

பெயருக்குரியவர் அந்தத் தேங்காய்ப்பால் இனிப்பைக் கொண்டுவந்தே ஆகவேண்டும். அதிபரே ஒருமுறை கிண்ணியாவிலிருந்து சட்டியும் கையுமாக வந்து இறங்கினார்.

நான் அகப்பட்டபோது கெஞ்சினேன். "அதை நான் எழுதேல்லை, ரீச்சர்!"

"ஓம் சேர். வேற ஆரும் இருந்து எழுதியிருந்தா சோதனைப் புள்ளியெல்லோ மாறியிருக்கும்?"

பழிவாங்கக் காத்திருந்தேன். ஒருநாள், "பெரிய கப்பலொண்டு வருது!" என்று அவர் துறைமுகம் தெரியும் யன்னலுக்கு ஓடினார். அவருடைய கணினி திறந்தே கிடந்தது. "நாளைக்கு எல்லாருக்கும் இறால் பிரியாணி" என்று தட்டி அனுப்பினேன்.

அனுப்பியவர் இடத்தில் என் பெயர் விழுந்தது. காலையில் அதே கணினியில் அச்செடுத்துவிட்டு லொக் அவுட் செய்ய மறந்தவன் நான்தான்.

ரீச்சரின் கைபேசி கிணுங்கியது. வாசித்தார்.

"இறால் கொஞ்சம் பெரிசாப் பாத்து வாங்குங்கோ, சேர்."

நானும் யன்னலடிக்குப் போனேன். துறைமுகத்தில் கப்பல் எதுவும் இல்லை.