மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் நின்றுவிடும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். வேங்கிக்கால் ஊரைத் தாண்டி வரப்பில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது இன்ஜின் கயிறு. கிணற்று மேட்டில் கிடந்தது. பிடிக்கிற மரக்கட்டைக்குப் பக்கத்தில் பழுப்பாகியிருந்தது. கிரீஸ் என்று நினைத்தேன். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, வலது கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்த பிறகுதான் அது ரத்தம் என்று தெரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மேல்கழனி, கீழ்க்கழனி இரண்டிலும் சம்பா நட்டிருந்தார்கள். வருடத்துக்குச் சோறு அதுதான். மழை வரவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது. கரண்ட் இணைப்பு இல்லை. தண்ணீரை மேலே கொண்டுவர அந்தச் சின்ன இன்ஜின் ஒன்றுதான். கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி இழுத்து பெட்ரோலில் கிளப்ப வேண்டும். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி டேங்க், தனித்தனி மூடி.

ஆயுத பூஜையன்று இன்ஜினுக்கு ஓய்வு. மறுநாளிலிருந்து தகராறு. பெட்ரோலில் கிளம்பும். மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் கொஞ்ச நேரம் ஓடி, வாய்க்கால் நனைவதற்குள் திணறி நின்றுவிடும். நின்றதைத் திரும்பக் கிளப்புவதுதான் கொடுமை. கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெயை வடிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைக்க வேண்டும். பிறகு கயிறு. பிடிக்காது. மறுபடியும் கயிறு. சில சமயம் சக்கரம் எதிர்ப்பக்கம் சொடுக்கிக் கயிற்றைப் பிடுங்கும். மாமாவின் கை அப்படித்தான் கிழிந்தது.

டவுனிலிருந்து வந்த மெக்கானிக் புது பிளக் போட்டார். அவர் சைக்கிள் ரோட்டில் ஏறுவதற்குள் இன்ஜின் நின்றது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும் என்று மாமா வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினார். அப்போதும் அதே கதை.

நான் போன காலையில் கீழ்க்கழனியில் கட்டைவிரல் நுழையும் வெடிப்பு. பயிரின் இலை சுருண்டு ஊசியாக நின்றது.

"நேத்து வரைக்கும் பச்சையாத்தான்டா இருந்துச்சு," என்றாள் அக்கா.

மாமா எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். கயிற்றைச் சுற்றினார்.

"குடுங்க மாமா, நான் இழுக்கறேன்."

"பேனா புடிக்கிற கை மச்சான். நாளைக்கு பேப்பர் ஆபீசுல இன்னான்னு சொல்லுவ, இன்ஜின் கடிச்சிடுச்சின்னா?"

ஆனாலும் கொடுத்தார். தோள் கழன்றுவிடும்போல் ஆன பிறகு இன்ஜின் பிடித்தது. எண்ணெய்க்கு மாற்றினோம். குழாய் வாயில் தண்ணீர் விழுந்தது. அக்கா மண்வெட்டியோடு ஓடினாள். அவள் மடையை வெட்டி நிமிர்வதற்குள் நின்றுவிட்டது.

மாமா இன்ஜினை ஓர் உதை உதைத்தார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "எடைக்குப் போட்டுடலாம். இரும்புதானே."

"பூஜை போட்ட பூ கூட இன்னும் வாடல. அதுக்குள்ள எடைக்குப் போடறாராம்."

"நீ பூஜை போட்டதுலதான் அது படுத்துக்குச்சு."

அக்கா கேனைத் தூக்கி டேங்கில் எண்ணெய் ஊற்றினாள். கோபத்தில் மூடியைத் திரும்பப் போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டாள். நாங்கள் வடித்தோம், துடைத்தோம், இழுத்தோம். கிளம்பியது. எண்ணெய்க்கு மாற்றிவிட்டு, எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நிற்கவில்லை. தண்ணீர் மேல்கழனிக்குள் இறங்கியது. அப்போதும் மாமா சிரிக்கவில்லை. டேங்க் திறந்து கிடப்பதைக் கண்டு கத்தினார்.

"ஏய், மூடி எங்க? மண்ணு விழுது பாரு."

அவள் வந்து மூடியைப் போட்டுத் திருகினாள். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் திணறி நின்றது.

மூன்று பேரும் மூடியைப் பார்த்தோம். வட்டமான தகர மூடி. காற்று போவதற்கு நடுவில் ஊசித்துளை இருக்கும். துளை தெரியவில்லை. அதன் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், காய்ந்து ஓடாகியிருந்தது. பூஜையன்று அக்கா வைத்த பொட்டு. நெற்றியில் வைப்பதுபோல் சரியாக நடுவில் வைத்திருந்தாள். காற்று உள்ளே போகாததால் எண்ணெய் இறங்கவில்லை. எண்ணெய் இருக்கிறதா என்று மாமா மூடியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் காற்று போயிருக்கிறது. அந்தக் காற்றுக்குத்தான் அது ஓடியிருக்கிறது.

"பெட்ரோல் மூடிக்கு ஏன் வைக்கல?" என்றார் மாமா.

"சந்தனம் பத்தல."

தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றித் துளையைக் குத்தினாள். ஊதிப் பார்த்தாள். மறுபடியும் குத்தினாள்.

இருட்டும் வரை இன்ஜின் ஓடியது. மேல்கழனி முழுக்க நனைந்தது. கீழ்க்கழனிக்கு மறுநாள் தண்ணீர் போனது. வெடிப்புகள் மூடின. பயிர் எழவில்லை. அடுத்த வாரம் அதில் மாடு மேய்ந்தது.