லொறி ஆகாத சைக்கிள்

மாத்தளை பஸ் நிலையத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் ரோட்டில் சைக்கிள் இறங்கும், ஏறாது. அவ்வளவு மேடு. பிள்ளைகள் ஓட்டோவுக்குக் காசையும் கொடுத்துப் புகையையும் குடிக்க வேண்டாமென்று பழைய மாணவர்கள் சேர்ந்து சில சைக்கிள்களை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பூட்டு கிடையாது. யாரும் எடுக்கலாம்; எடுத்தவர் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும்.

பின்னேரம் மணியடித்ததும் பிள்ளைகள், மேலே நிற்பவற்றில் காற்றாய் இறங்கிப் போவார்கள். காலையில் நாவுல பஸ்ஸிலும் பலாபத்வல பஸ்ஸிலும் வந்து இறங்கி, தேத்தண்ணிக் கடையோரம் சாத்திக் கிடக்கும் சைக்கிள்களைத் திரும்பியும் பார்க்காமல் நடந்தே ஏறுவார்கள். அந்த மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக யாருக்குப் பைத்தியம்?

நல்லம்மாவுக்கு மட்டும் அந்தப் பைத்தியம் இருந்தது. கல்லூரியில் கூட்டிப் பெருக்குவது அவள் வேலை. எல்கடுவையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். சாப்பாட்டுப் பையைச் சிவப்புச் சைக்கிளின் கூடைக்குள் வைத்து, இரண்டு கையாலும் கைபிடியை இறுகப் பிடித்துத் தள்ளத் தொடங்குவாள். மூச்சு வாங்கினால் பிரேக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். சைக்கிள் அவளைத் தாங்கிக்கொள்ளும். ஒருநாளும் அதில் ஏறி உட்கார்ந்தவளில்லை.

கொழுந்து பறித்த காலத்தில் சரிவெல்லாம் ஏறி இறங்கித் தேய்ந்துபோன முழங்கால். கம்பு ஊன்றினால் ஏறிவிடலாம்தான். ஆனால் கல்லூரியில் அவளோடு வேலை செய்த ஒருத்தி கம்போடு வந்த அன்றே, "வீட்டுல இருந்து உடம்பப் பாத்துக்கம்மா" என்று சுப்பவைசர் அன்பாகவே அனுப்பிவிட்டார். கல்லூரிக்குள் வந்துவிட்டால் நல்லம்மாவுக்குக் கவலையில்லை. நீளக் கம்பு வைத்த ஈர்க்குமாறு கையில் இருக்கும். அந்த மேடு ஒன்றுதான் பயம்.

படிக்கிற பிள்ளைகளில் ஹம்சிகாவுக்கு இரக்க மனசு. "சேர், நாங்க கீழ போட்டுட்டு வாற சைக்கிள நல்லம்மாக்கா தள்ளிக்கிட்டு வாறாங்க, பாவம்" என்று அதிபரிடம் சொல்லிவிட்டாள். அவரும் நல்லவர். காலையில் சைக்கிள்களை மேலே கொண்டுவர, மரக்கறி ஏற்றும் இன்ஷாபின் சின்ன லொறியை ஒழுங்கு செய்தார்.

"இனி நீங்க சும்மா கைய வீசிட்டு வரலாம் அக்கா!" என்றாள் ஹம்சிகா.

நல்லம்மா சிரித்து வைத்தாள். இரவெல்லாம் அந்த வீசிய கைதான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, இன்ஷாப் மற்ற எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுச் சிவப்புச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவள் ஓடாத குறையாகப் போய்க் கைபிடியைப் பிடித்தாள்.

"அத விடு தம்பி."

"எல்லாத்தையும் ஏத்தச் சொல்லித்தான் சேர் சொல்லி ஈக்கார்."

"அதுக்கு லொறி ஆகாது."

எப்படி வாயில் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

"சைக்கிளுக்கு லொறி ஆகாதா? ஏன், வாந்தி எடுக்குமா?"

தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கெக்கலி கொட்டினார்கள். நல்லம்மா பிடியை விடவில்லை. இன்ஷாப் ஒரு இழுப்பு இழுத்தான். அவள் சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்தாள். அப்போதுதான் அவன் கைபிடியை இறுகப் பற்றியிருந்த அந்த விரல்களைப் பார்த்தான். பிறகு, பாரம் வைக்காமல் நுனியில் ஊன்றியிருந்த வலது காலைப் பார்த்தான். சிரிப்பு அடங்கியது. சைக்கிளை மெல்ல இறக்கி, சீட்டில் இருந்த தூசியைத் தட்டிவிட்டான்.

"எடுக்கும், எடுக்கும். போன கிழமையே இதுக்கு மூஞ்சி சரியில்ல. நீங்களே மெதுவா நடத்திக் கூட்டிட்டு வாங்க அக்கா" என்று கடைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னான்.

அவள் மேடேறி வாசலுக்கு வந்தபோது அதிபரின் குரல் கேட்டது.

"இன்ஷாப், ஒண்ணு குறையுதே?"

"அது வருது சேர். அதுக்கு லொறி ஆகாது. ஏத்துனா வாந்தி எடுக்குது."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிபருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹம்சிகா ஓடி வந்தாள்.

"அப்ப நாளைக்கும் இது நடந்துதான் வருமா அக்கா?"

நல்லம்மா பிரேக்கை அழுத்திக்கொண்டு நின்று, ஒரு மூச்சு விட்டாள்.

"நாளைக்கும்தான்" என்றாள்.