கக்கத்துக் கட்டை வழுக்காத தரை

எங்கள் ரப்பர் தோட்டத்து டிவிஷனுக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவே ஆறு ஓடுகிறது. வெள்ளத்தில் தொங்குபாலம் அடித்துப் போன பிறகு, நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடித்து ஒரு தெப்பம் செய்துகொண்டோம். குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்து ஏறியவர்களே இழுத்துப் போக வேண்டும். பலகை என்றதும் நல்ல மரம் என்று நினைத்துவிட வேண்டாம். வெட்டிச் சாய்த்த பழைய ரப்பர் மரம்தான். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை, பாசி பிடித்து ஊறிப்போனது.

அந்தப் பலகையில்தான் என் வீட்டுக்காரர் சறுக்கி விழுந்தார். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த மனிதர். சீனி வியாதியால் இரண்டு வருஷத்துக்கு முன் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு கக்கத்துக் கட்டைகளை வைத்துத்தான் நடக்கிறார். விழுந்ததில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வலது கால் சுண்டுவிரல் ஓரத்தில் தோல் உரிந்து, அது புண்ணாகிவிட்டது. மிச்சமிருப்பது அந்த ஒரு கால். உடனே அக்கரைக் கிளினிக்கில் காட்ட வேண்டும் என்றால் மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

"அந்த வழுக்குத் தெப்பத்துல நான் ஏற மாட்டேன் புள்ள."

"நாலு பேர் தூக்கிட்டுப் போறேங்கிறாங்க. கொஞ்சம் ஒக்காந்தா போதும்ங்க."

"நான் என்ன பொணமா, தூக்கிட்டுப் போக?"

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. தினமும் புண்ணைக் கழுவிக் கட்டினேன். அவர் தெப்பத்தில் ஏற மாட்டார் என்றால், தெப்பத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். பிள்ளைமடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்க்கிற எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. கோயில் முன்னால் கூட்டம் போட்டபோது நான் கத்திய கத்தலில், "அப்ப தரைய நீங்களே பார்த்துச் செய்யுங்க அக்கா" என்று பொறுப்பை என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு வழுக்காத தரை என்றால் வேறு என்ன ஞாபகம் வரும்? தோட்டத்துத் துரையிடம் கேட்டு, ஸ்டோரில் கழித்து ஒதுக்கிய ரப்பர் ஷீட்டுகளை வாங்கி வந்து, தெப்பம் முழுக்க விரித்து ஆணி அடித்தோம். ரோலரில் போட்டெடுத்த வரி வரியான ஷீட். தண்ணீர் ஊற்றி நடந்து பார்த்தேன், கால் நகரவில்லை. நம் பாலில் செய்த தரை என்று எல்லோருக்கும் ஒரே பெருமை. எனக்குத்தான் அதிகம்.

மூன்றாம் நாள் வெயில் ஏறியது. தரை அல்வாவாக இளகிவிட்டது. ஏறியவர்களின் செருப்பு தெப்பத்தில் நின்றது, ஆட்கள் மட்டும் கரை இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் கரையில் நின்றபடியே ஒரு கட்டையை நீட்டித் தரையில் ஊன்றிப் பார்த்தார். திரும்ப எடுக்க இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக ரப்பரில் பிழைத்தும் இது எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் பார்த்த ஷீட் எல்லாம் புகை அறைக்குள்ளும் நிழலிலும் தொங்கிய ஷீட். அதை வெயிலில் விரித்துப் பார்க்க யாருக்கு வேலை இருந்தது? ஒரு வாரத்துக்கு லயத்து வீடுகள் முழுக்க என்னை வைத்துத்தான் சிரிப்பு.

அடுத்த சனிக்கிழமை அவருடைய கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு தெரணியகலை டவுனுக்குப் போனேன். பஸ்ஸில் கட்டையைப் பார்த்ததும் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை, உட்கார்ந்துவிட்டேன். இறங்கும்போது நான் விறுவிறுவென்று நடந்ததை அவர் பார்த்தாரோ என்னவோ.

ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் நாநாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு சாமான் ஈக்கி தங்கச்சி" என்று லொறிக்குப் போடுகிற புள்ளி போட்ட அலுமினியத் தகடு ஒன்றையும், வீட்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றையும் கீழே போட்டார். நான் தண்ணீர் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு ஜக் தண்ணீரும், கேட்காமலே கொஞ்சம் சவர்க்காரத் தூளும் கொண்டு வந்தார்.

"பாசிக்குப் பதிலா இதப் போட்டுப் பாருங்க."

விரிப்பில் கட்டை எண்ணெயில் வைத்த மாதிரி ஓடியது. தகட்டில் கொஞ்சம் நின்று, பிறகு ஓடியது. விற்கிற மனிதர் அவரே, "ரெண்டும் வாணாம், காலில்லாத மனுசனுக்கு இது சரி வராது" என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "தண்ணி தங்காத தரையாப் பாருங்க. எடவெளி விட்டு அடிங்க" என்றார். அவர் வாழ்க.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்கள பாஸ் ஒருவர்தான் எங்களுக்கு மர வேலை எல்லாம் செய்வார். அவர் கித்துள் மரத்தைச் சட்டமாக அறுத்து, ரப்பரையும் பழைய பலகையையும் பெயர்த்துவிட்டு, தெப்பத்துக்குக் குறுக்கே இடைவெளி விட்டு அடித்தார். நான் கட்டையின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடைவெளியிலும் குத்திப் பார்த்தேன். நுனி உள்ளே போகக் கூடாது, தண்ணீர் மட்டும் போக வேண்டும். "ஹரி அக்கா, ஹரி" என்று சரி சொல்லிச் சொல்லி பாஸுக்கே அலுத்துவிட்டது. மேலே பெயின்ட் பூசி, அது காய்வதற்குள் சலித்த ஆற்று மணலைத் தூவினார். காய்ந்த பிறகு கை வைத்தால் அரம் மாதிரி இருந்தது.

இனி என்ன சாக்கு? பெயின்ட் நன்றாகக் காயட்டும் என்றார். காய்ந்தது. மழை விடட்டும் என்றார். விட்டது. அடுத்த கிளினிக் நாள் காலையில் கட்டைகளை அவர் முன்னால் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றேன். முகத்தைப் பார்த்திருப்பார், எழுந்துவிட்டார்.

தெப்பத்தில் அவர் தானாகவே ஏறினார். ஈரத் தரையில் கட்டை ஊன்றிய இடத்திலேயே நின்றது. நடு ஆற்றில் ஒரு கையால் கம்பியைக் கூட இழுத்தார். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்தது.

மீதி உயிர் டாக்டரிடம் இருந்தது. புண்ணுக்குக் கட்டிய துணியைப் பிரித்து, விரலை அமுக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் கழித்து வந்ததற்கு எங்கள் இரண்டு பேரையும் சிங்களத்தில் நன்றாகத் திட்டினார். பிறகு, "பய வென்ன எபா, பயப்பட வேணாம், புண் ஆறிட்டு வருது" என்றார். மருந்து போதும், வெட்ட ஒன்றும் இல்லை. வெளியே வந்து பைப்பில் முகம் கழுவிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது தெப்பம் அக்கரையில் இருந்தது. கரைக் கல்லில் உட்கார்ந்து காத்திருந்தோம். ஆற்றைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"தரையெல்லாம் சும்மா ஒரு சாக்கு புள்ள. இந்தக் காலையும் எடுக்கணும்னு சொல்லிட்டாங்கன்னா... அதுக்குத்தான் போகல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரப்பர் ஷீட்டால் ஊர் சிரித்தது, கடையில் சவர்க்காரத் தண்ணீரில் நின்றது, பாஸிடம் அலுப்பு வாங்கியது எல்லாம் எதற்கு? திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அவரை எப்படித் திட்டுவது? தரை தேடி அலைந்த நாளெல்லாம் கிளினிக்குக்குப் போகாமல் இருக்க எனக்கும் ஒரு காரணம் இருந்தது. டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, இன்னும் நல்ல தரை, இன்னும் நல்ல தரை என்று நானும்தான் நாளைக் கடத்தியிருக்கிறேன்.

"எனக்கும் அதே பயம்தாங்க" என்றேன்.