ஆளுக்கொரு பெட்டி

1. பெட்டியில் குறையில்லை

கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தோம். பாண்டி உள்ளே வந்து ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் கண்ணாடி மேசை மேல் தொப்பென்று வைத்தார். ஆனையூரிலிருந்து சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்திருக்கிறார். சட்டையெல்லாம் வேர்வை.

"மொதலாளி, பெட்டி கெட்டுப் போச்சு. மேளச் சத்தம் வருது, ஆள் கொரல் வரல. என்னன்னு பாருங்க."

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்தது எங்கள் கடை. ரேடியோவில் ஆரம்பித்து ரெக்கார்ட் பிளேயர், கேசட் டெக், ஆம்ப்ளிஃபயர் என்று வளர்ந்த கடை. ஈய வாசனையும் தேக்குப் பலகை வாசனையும் கலந்து அடிக்கும். அந்த வாசனை இப்போது எங்காவது வந்தாலும் நின்றுவிடுகிறேன். வீடுகளுக்குப் போய் செட்டை இறக்கி, ஒயர் இழுத்து, பெட்டிகளை இடம் பார்த்து வைத்துக் கொடுப்பது என் வேலை.

பெட்டியைத் திருப்பி, டார்ச் லைட் செல் ஒன்றை எடுத்து இரண்டு முனைகளிலும் ஒயரால் தொட்டேன். 'டப்' என்று சத்தம் வந்தது. உள்ளே இருக்கும் கோன், அதாவது காகிதக் கூம்பு, முன்னால் தள்ளினால் ப்ளஸ், மைனஸ் மாறவில்லை என்று அர்த்தம். அதுவும் சரிதான். கடை ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பாடவிட்டேன். குரல், வீணை, மிருதங்கம் எல்லாம் கணீரென்று வந்தன.

"பெட்டி நல்லாத்தான் இருக்குண்ணே."

பொருள் நன்றாக இருக்கிறது என்றால் யாருக்கும் சந்தோஷம்தான் வரும். பாண்டிக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்புறம் எங்க வீட்டுல மட்டும் ஏன் வரல?" என்றார், சண்டைக்கு வருகிறவர் போல.

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ வச்சுக் குடுத்த செட்டுதானப்பா? போயிப் பாத்துட்டு வா. கோவத்த மட்டும் இங்கனயே வச்சுட்டுப் போ."

2. சுவரைத் தடவியவர்

கோபம் என்று முதலாளி சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ஸ்டீரியோ செட் வாங்கியவர்கள் பெட்டிகளை வைத்த இடங்களைப் பார்த்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஒன்று பீரோ உச்சியில் இருக்கும், இன்னொன்று கட்டிலுக்கு அடியில் இருக்கும். வில்லாபுரத்தில் ஒரு வீட்டில் இரண்டையும் பரணில் ஏற்றி, முகத்தை மறைக்கிற மாதிரி பூவேலைத் துணியும் போட்டிருந்தார்கள். தூசி படக்கூடாதாம். ஒரு மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படவேண்டும் என்று வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். அவர் வீட்டுப் பாட்டைத் தெரு கேட்டது, அவர் கேட்கவில்லை. இதையெல்லாம் நான் வாய் விட்டுச் சொல்லிவிடுவேன். அதுதான் என்னிடம் உள்ள கோளாறு.

பாண்டியின் அப்பா வீராச்சாமி அப்படியில்லை. நிலபுலம் உள்ள விவசாயி. ஆனையூரில் புது வீடு கட்டி, நீளமான ஹாலுக்கென்றே செட் வாங்கினார். அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துப்போனது.

"ஒரு பாட்டுக்கு எதுக்குப்பா ரெண்டு பெட்டி?"

"வச்சுக் காட்டுறேங்கய்யா, நீங்களே சொல்லுங்க" என்றேன்.

பையில் எப்போதும் ஒரு கயிறு வைத்திருப்பேன். கிழக்குச் சுவரை ஒட்டி இரண்டு பெட்டிகளையும், மூலையில் முட்டாமல், உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு முக்காலி போட்டு வைத்தேன். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கயிற்றில் அளந்து, அதே அளவு கயிற்றை ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இழுத்து, இரண்டும் வந்து சேர்ந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டேன். பெட்டிகளின் முகத்தை நாற்காலிப் பக்கம் கொஞ்சம் திருப்பினேன். அவரை உட்காரச் சொல்லி ரெக்கார்டைப் போட்டேன்.

கண்ணை மூடிக் கேட்டார். திடீரென்று எழுந்து போய், இரண்டு பெட்டிக்கும் நடுவில் வெறும் சுவரைக் கையால் தடவினார்.

"இங்கனல்ல நிண்டு பாடுறான்! இங்க ஒண்ணையும் காணோமேப்பா!"

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு யார் போனாலும் அந்த நாற்காலியில் உட்கார்த்தி, சுவரைத் தடவச் சொல்லித்தான் காபியே கொடுப்பார்.

அவருடைய மகள் கல்யாணம் வீட்டுப் பந்தலிலேயே நடந்தது. டெக்கில் பதிவு பண்ணித் தரவேண்டும் என்று என்னை அழைத்தார். மணவறைப் பக்கம் ஒரு மைக், நாதஸ்வரக்காரர்கள் பக்கம் ஒரு மைக். முதல் மைக்கில் பிடிப்பது இடது பெட்டியில் வரும், மற்றது வலது பெட்டியில் வரும். போட்டுக் கேட்டால் பந்தலே ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு வீராச்சாமி அதிக காலம் இருக்கவில்லை.

3. குறுக்குச் சுவர்

பாண்டியோடு ஆனையூருக்குப் போய் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தேன். அந்த நீள ஹாலை நட்டநடுவில் வெட்டி, பூசாத செங்கல் சுவர் ஒன்று நின்றது. வீராச்சாமி தடவிப் பார்த்த இடத்தில்தான் அது ஆரம்பித்தது. அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினை. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து நிலத்தைப் பிரித்து, மாட்டைப் பிரித்து, கடைசியில் செட்டுக்கு வந்திருக்கிறார்கள். டெக்கும் ஆம்ப்ளிஃபயரும் மூத்தவர் கருப்பையாவுக்கு. இரண்டு பெட்டி இருக்கிறதே, ஆளுக்கொன்று! அண்டாவை அறுத்துப் பாதியாக்காமல் விட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரில் ஓட்டை போட்டு, ஒயர் அண்ணன் பக்கமிருந்து தம்பி பக்கம் வந்திருந்தது. அண்ணன் போட்டால்தான் தம்பிக்குப் பாட்டு. வலது பெட்டி பாண்டியிடம் வந்துவிட்டதால் அவருக்கு வலது பக்கத்தில் பதிவானது மட்டும்தான் கேட்கும். இதை விளக்கிச் சொன்னேன். பாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"சினிமாப் பாட்டு எப்படி வந்தா என்னண்ணே, அதுவா பெருசு?" என்று இழுத்தார்.

அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "சொல்லத்தான் சொல்லுங்களேன். அந்தக் கல்யாண டேப்பு இருக்குல்லண்ணே, அத மூத்த மச்சான் அங்கிட்டுப் போட்டாகன்னா இவுக செவுத்துல காத வச்சுக்கிட்டு நிக்கிறாக. மாமா கொரல் இங்கிட்டு வர மாட்டேங்குது. வெறும் நாயனமும் தவுலுந்தான் வருது."

"ஏ, நீ உள்ள போ!" என்று பாண்டி சத்தம் போட்டார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அதுல எங்கய்யா என்னையப் பேர் சொல்லிக் கூப்புடுவாருண்ணே. அது அவன் பக்கந்தான் கேக்குது."

வீராச்சாமியின் குரல் இருக்கும் டேப் அது ஒன்றுதான்.

"உங்கண்ணன்கிட்டக் கேட்டா என்ன?"

"அவன்கிட்டப் பேசி எம்புட்டு நாளாச்சு. செத்தாலும் கேக்க மாட்டேன்."

பெட்டியைப் பழையபடி ஒயரில் மாட்டிவிட்டு, தெருவில் இறங்கி அடுத்த வாசலில் ஏறினேன். கருப்பையா ஈசி சேரில் சாய்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவன் பெட்டி, அவன் பாடு. எனக்கென்ன?"

"அண்ணே, உங்களுக்கும் பாதிதான் வருது. அந்த டேப்புல நாயனம் கேக்குதா?"

நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லையேப்பா. அது அழிஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சேன்."

"அழியல. அங்கிட்டு வருது. ஆம்ப்ளிஃபயர்ல மோனோ சுவிட்ச் இருக்கு. போட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கலந்து ரெண்டு பெட்டியிலயும் வரும். உங்களுக்கும் முழுசு, அவருக்கும் முழுசு. போடவா?"

அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

சுவிட்சை மோனோவில் தள்ளிவிட்டு டேப்பை ஓடவிட்டேன். நாதஸ்வரம் எழும்பியது. கருப்பையா தலையை ஆட்டினார். தவில் கொஞ்சம் ஓய்ந்தபோது வீராச்சாமி குரல் கேட்டது. வந்தவர்களையெல்லாம் கை நனைக்காமல் போகக்கூடாது என்று மிரட்டிக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் தள்ளித் திரும்பி, உரக்க:

"பாண்டி! டேய் பாண்டி! பந்தியில தண்ணி பத்தல பாரு!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சட்டென்று ஒரு குரல் வந்தது.

"இந்தா வாரேன்யா!"

டேப்பில் இல்லை. பாண்டிதான். அவரை அறியாமல் பதில் சொல்லிவிட்டார். உடனே அந்தப் பக்கம் எல்லாம் அடங்கிவிட்டது. பிறகு ஒரு ஆண் விம்மி அழும் சத்தம் கேட்டது.

கருப்பையா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. அவரே எழுந்து டெக்கை நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் பேசினார்.

"முந்தி மாதிரி, அய்யா இங்கன நிக்கிறாப்புல, நாயனம் அங்கிட்டு இருக்காப்புல, அப்படிக் கேக்கணும்னா என்ன செய்யணும்?"

"ரெண்டு பெட்டியும் ஒரே ரூம்ல இருக்கணும்ணே. வேற வழியில்ல."

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, நீ போயிட்டு வா" என்றார்.

வீராச்சாமியின் திதிக்கு முதல் நாள் கடைக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். யார் அனுப்பியது என்று முதலாளிக்கே தெரியவில்லை. போய்ப் பார்த்தால் டெக், ஆம்ப்ளிஃபயர், இடது பெட்டி எல்லாம் பாண்டி வீட்டுப் பக்கம் இருந்தன. கருப்பையா தானே தூக்கி வந்து வைத்திருக்கிறார். "இங்கனயே கெடக்கட்டும். கேக்கணும்னா நான் வந்து கேட்டுக்கிறேன்" என்று சொன்னாராம். தம்பியிடம் அல்ல, தம்பி மனைவியிடம்.

பாதி ஹால்தான். கயிற்றைச் சின்னதாக மடித்து அளந்து, பெட்டிகளை நெருக்கி வைத்தேன். சுவிட்சை ஸ்டீரியோவுக்கு மாற்றினேன். வழக்கம்போல நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டேன். அண்ணன் ஒரு ஓரமும் தம்பி ஒரு ஓரமுமாக நின்றார்கள். யாரும் வந்து உட்காரவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, வாசலில் கிடந்த பெஞ்சை இழுத்து வந்து போட்டேன்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. நெருக்கி உக்காந்தாத்தான் சரியாக் கேக்கும்" என்றேன். உட்கார்ந்தார்கள்.

அந்தச் சுவரை யாரும் இடிக்கவில்லை. நிலத் தகராறும் பல வருஷம் ஓடியது. ஆனால் ஒவ்வொரு திதிக்கும் அந்தப் பெஞ்ச் உள்ளே வந்ததாகப் பாண்டி மனைவி கடைக்கு வரும்போதெல்லாம் சொல்வார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் எத்தனை அடி, எந்தக் கோணம் என்றெல்லாம் கேட்கிறார்கள். கயிறு இருந்தால் அதை யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனையூரிலிருந்து திரும்பிய பிறகு நான் எந்த வீட்டிலும் பெட்டியை எங்கே வைக்கலாம் என்று முதலில் கேட்டதில்லை. யார் யார் உட்காரப் போகிறீர்கள் என்றுதான் கேட்டேன்.