மின்னுவின் கடைசி வருகை

"கடைசி வருகை: நவம்பர் 2009." இருபது ஆண்டுகளாக ஓயாமல் நடக்கும் ஓர் இணைய விளையாட்டில், எங்கள் பழைய கணக்கை இன்று திறந்தபோது திரையில் இருந்த பதிவு இது.

தொடக்க இசை கேட்டதும் கொச்சி மட்டாஞ்சேரி நெட் கஃபேயின் நனைந்த செருப்பு வாடையும் பக்கத்து மிளகுக் கிடங்கின் காரமும் மூக்கில் ஏறின. 2004 மழைக்காலத்தில், டியூஷனுக்குப் போகாமல், அக்காவும் நானும் அங்கே இந்த விளையாட்டில் மின்னு என்ற மந்திரக்காரிப் பாத்திரத்தை வளர்த்தோம். மந்திரமெல்லாம் அக்கா கைக்குத்தான் வசப்பட்டது. "சேச்சி வந்நோ?" என்று மலையாளத்தில் கேட்டபடி பையன்கள் அவளுக்காகக் காத்திருப்பார்கள். என்னை யாரும் தேடியதில்லை.

ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன்: "அக்கா டியூஷனுக்கே போறதில்லப்பா. கஃபேல பசங்களோட உக்காந்திருக்கா." நானும் கூட இருந்ததைச் சொல்லவில்லை.

"ஸ்கூல் விட்டா நேரா வீடு. வேற எங்கயும் போகண்டாம்," என்றார் அப்பா அவளிடம்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "மின்னுவ நீயே வச்சுக்கடா. சாக விட்டுராத," என்றாள். அவள் இல்லாமல் எனக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. மின்னுவை ஒரு கிணற்றடியில் நிறுத்திவிட்டு வந்தவன், பிறகு போகவே இல்லை.

இன்று மின்னு மலையுச்சியில் நிற்கிறாள். கடவுச்சொல் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். 2009இல் அக்கா கல்யாணமாகி இடக்கொச்சியில் இருந்தாள். வந்தது அவள்தானா என்பது இதுவரை உறுதிப்படவில்லை. அவளிடம் நான் கேட்கவில்லை.