சிவப்புத் தொப்பிப் பூனையை வரைந்தது யார்?

நான் கொஞ்சம் பீத்தல்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழவர்கரையில் ஒரு பள்ளியில் இருபத்தைந்து வருடமாக ஓவிய ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் புது வகுப்புக்குள் நுழைந்ததும் நான் சொல்கிற முதல் பேச்சு இதுதான்: "பத்து வயசுல நான் தனியா ஒரு படக்கதைப் பத்திரிகை நடத்தினேன். நெல்லித்தோப்புல எங்க தெருவே அதுக்கு வாசகருங்க." பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பத்திரிகையின் பெயர் 'சிவப்புத் தொப்பி'. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து எங்கள் ஊர் போலீஸ்காரர்கள் வைக்கும் உயரமான சிவப்புத் தொப்பியை ஒரு பூனைக்கு மாட்டி, அதைத் துப்பறிய அனுப்பிய கதை. இதழுக்கு ஒரே ஒரு பிரதிதான். அது வீடு வீடாகச் சுற்றும். கடைசித் தாளை வெறுமையாக விட்டிருப்போம். படித்தவர்கள் அதில் கருத்து எழுதிவிட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். தாளுக்குப் பஞ்சமில்லை. அப்பா வேலை பார்த்த பஞ்சாலையிலிருந்து ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பழைய தாள்களைக் கொண்டுவருவார், மறுபக்கம் எங்களுக்கு. கதையும் நான், படமும் நான். என்னைவிட இரண்டு வயது சின்னவனான தம்பி கலர் அடிப்பான். என் ஞாபகத்தில் அப்படித்தான் இருந்தது.

இந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவில் ஓவியக் கண்காட்சி வைக்க முடிவு செய்தார்கள். "டீச்சர், அந்தப் பத்திரிகைய எடுத்துட்டு வாங்க, அதுக்குன்னு தனி மேசையே போட்டுடலாம்" என்றார் தலைமை ஆசிரியை. போர்டுகூட எழுதி வந்துவிட்டது: 'எங்கள் ஓவிய ஆசிரியை பத்து வயதில் வரைந்தவை.' விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. பத்திரிகை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அம்மா போன பிறகு என் வீட்டுக்கு வந்த தகரப்பெட்டி ஒன்றுதான் தேடப் பாக்கி. சனிக்கிழமை காலை அதை லாஃப்டிலிருந்து இறக்கினேன். மேலே இரண்டு பட்டுப்புடவை, பழைய ரேஷன் கார்டு. அடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் நாங்கள் போட்ட ஏழு இதழ்களும் இருந்தன. அம்மா ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை.

சிரிக்கத் தயாராகத்தான் முதல் இதழைப் பிரித்தேன். பத்து வயதுப் பிள்ளை எப்படி வரையும் என்று எனக்குத் தெரியாதா? வாரம் முப்பது நோட்டுத் திருத்துகிறவள் நான்.

சிரிப்பு வரவில்லை. பூனை ஓட்டுக் கூரைமேல் நடக்கிறது. அடுத்த கட்டத்தில் கீழே குதிக்கிறது. பூனை இறங்கிவிட்டது, தொப்பி மட்டும் இரண்டு விரற்கடை மேலே, இன்னும் வந்து சேராமல் காற்றில் நிற்கிறது. பூனையின் முதுகு ஒரே கோடு. கழுத்தில் தொடங்கி வால்நுனி வரை கையெடுக்காமல் இழுத்த கோடு. அம்மாடி! அதை விரலால் தடவிப் பார்த்தேன். எத்தனை பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்திருக்கிறேன், அப்படி ஒரு கோட்டை இன்றைக்கும் என்னால் இழுக்க முடியாது.

ஐந்தாம் இதழின் நடுப்பக்கத்தில் வீராம்பட்டினம் தேர்த் திருவிழா. தேர் தூரத்தில் சின்னதாக இருக்கிறது. பக்கம் முழுக்கக் கூட்டத்தின் பின்னந்தலைகள்தான். வழுக்கை, கொண்டை, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலை, பேன் சொறிகிற விரல்கள், ஒரு கிழவரின் காதில் செருகிய பீடி. ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. எண்ண ஆரம்பித்து நூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். நானா? இதையா?

அப்போதுதான் உறைத்தது. அத்தனை தலைகளையும் மேலிருந்து பார்த்து வரைந்திருக்கிறது. அந்தத் திருவிழாவில் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். எனக்குப் புடவை முந்தானைகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்தது தம்பி.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிழல்களைப் பார்த்தேன். வலது கைக்காரர் நிழலுக்குக் கோடு போட்டால் அது வலப்பக்கம் சாய்ந்து மேலே ஏறும். இடது கைக்காரர் போட்டால் நேர் எதிர்ச்சாய்வு. வகுப்பில் யார் நோட்டு என்று பெயர் பார்க்காமலே இதை வைத்துச் சொல்லிவிடுவேன். ஏழு இதழ்களிலும், பூனையின் வயிற்றிலும் தேர்ச் சக்கரத்திலும் கிணற்றுக்குள்ளும், அத்தனை நிழலும் எதிர்ச்சாய்வு. நான் வலது கைக்காரி. எங்கள் வீட்டில் இடது கை ஒன்றே ஒன்றுதான்.

ஆனால் அட்டையில் என் பெயர். கடைசித் தாள்களில் தெருவே என்னைப் புகழ்ந்திருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய எதிர்வீட்டு சொல்தா தாத்தா, ஒவ்வொரு இதழிலும் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'த்ரே பியான்' என்று பிரெஞ்சிலேயே பாராட்டியிருக்கிறார். பொய் சொல்ல மாட்டேன், 'யாருக்குத் தெரியப்போகிறது, போர்டும் எழுதியாகிவிட்டது' என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு என்மேலேயே ஆத்திரம் வந்தது. மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

தம்பி நெல்லித்தோப்பில் அதே வீட்டில்தான் இருக்கிறான். லோடு ஆட்டோவில் தண்ணீர் கேன் போடுகிறான். நான் போனபோது சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தான். தேர்ப் படத்தை விரித்து அவன்முன் வைத்தேன்.

"டேய், இத யாருடா வரைஞ்சது?"

"நான்தான். இன்னாக்கா இப்போ?" கடைக்கு யார் போனது என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரி சொன்னான்.

"இன்னாவா? இத்தன வருஷமா நான் வரைஞ்சேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டிருக்கேன். உன் எதிர்லயே எத்தன தடவ சொல்லியிருப்பேன்! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"நீதான அப்படிச் சொல்லணும்னு சொன்ன."

"நானா? எப்படா சொன்னேன்?" அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"நெசமாவே மறந்துட்டியா? பீச்சாங்கையில பென்சில எடுத்தா அப்பா ஸ்கேலாலயே போடுவாரே. மில்லுல மெஷினெல்லாம் சோத்தாங்கைக்குத்தான், பீச்சாங்கைக்காரன் வெரலு போயிடும்னு சொல்வாரு. அவரு கூட வேல பாத்தவருக்குப் போயிருக்கு. மொத புக்கு முடிச்ச அன்னைக்கு, யாருடா இதப் போட்டதுன்னு கேட்டாரு. எனக்கு ஒன்னுக்கே வந்துடும் போல ஆயிடுச்சு. நீ சட்டுனு நான்தாம்பான்னு சொல்லிட்ட. அட்டையிலயும் உன் பேர எழுதிட்ட. அப்புறம் நீ வாசல்ல காவலுக்கு உக்காருவ, நான் உள்ள வரைவேன். அப்பா சைக்கிள் தெருமுனையில தெரிஞ்சா இருமுவ. கலர் அடிக்கிறது மட்டும் அவரு முன்னாடி, சோத்தாங்கையால."

எனக்கு அதில் ஒரு துளிகூட ஞாபகம் இல்லை. அவனை அடியிலிருந்து காப்பாற்றச் சொன்ன பொய்யை நானே நம்பி, அதன்மேல் ஒரு படிப்பையும் ஒரு உத்தியோகத்தையும் கட்டியிருக்கிறேன். இப்படியும் நடக்குமா?

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல? மில்லையே மூடிட்டாங்க. அப்பாவும் போயிட்டாரு."

"அதுக்குள்ள நீ நெசமாவே வரைய ஆரம்பிச்சிட்டியேக்கா. அதுக்குன்னு காலேஜ் போன. உன்ன டீச்சர்னு ஊரே கூப்புடுது. நடுவுல பூந்து, அது நான் போட்டதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? என்னக் காப்பாத்துனவளாச்சே நீ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. அவன் சங்கடத்தோடு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"ஏழோட ஏன்டா நிறுத்தின? அப்பா பாத்துட்டாரா?"

"அதெல்லாம் இல்ல. மில்லுல ஸ்ட்ரைக்கு. தாள் வரல. விட்டுட்டேன்."

தாள் வரவில்லை, அவ்வளவுதான். என் மேசையில் சும்மா கிடக்கும் டிராயிங் ஷீட் கட்டுகளை நினைத்தேன்.

"போர்டை மாத்தி எழுதச் சொல்லப்போறேன். எட்டு வயசுல நீ வரைஞ்சதுன்னு. உன் பேர நீயே எழுதிக் குடு, பக்கத்துல வைக்கணும்" என்று கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்றான். அதட்டினேன்.

பேனாவை வலது கையில் வாங்கி அட்டையில் வைத்தான். அப்படியே நின்றான். பிறகு பேனாவை இடது கைக்கு மாற்றினான். அந்தப் பூனையையும் தேரையும் நூறு தலைகளையும் வரைந்த கை, தன் பெயரை ஒரு தடவைகூட எழுத யாரும் விடாத கை. ஐம்பது வயதில் நாக்கை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக இழுத்தான். சுழிகள் உடைந்தன. வரி சரிந்து அட்டையின் ஓரத்தை முட்டியது.

"சே, ஒண்ணாங்கிளாஸ் புள்ள எழுதுன மாதிரி இருக்குது. வேற அட்ட குடுக்கா, சோத்தாங்கையால ஒழுங்கா எழுதித் தரேன்" என்று கை நீட்டினான்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.