சித்தப்பா மொழிபெயர்த்த படம்

உட்கார்ந்து படம் பார்ப்பது என்பது எனக்கு இந்த ஜென்மத்தில் வாய்க்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பேன், கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பேன், திரும்பி வந்து "இப்ப யாரு செத்தது?" என்று கேட்பேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் இதனாலேயே என்னோடு படம் பார்க்கப் பயப்படுவாள். ஆனால் பழைய பேய்ப்படம், உலகம் அழிந்த பிறகு நடக்கிற படம் என்றால் மட்டும் அவளே வந்து கூப்பிடுவாள். அந்த வகையில் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய படங்களாகத் தேடித் தேடிப் பார்த்துவைத்திருக்கிறேன். அதெல்லாம் கல்ட் படம் என்கிறாள் மகள். எனக்கு அந்தப் பெருமை எதுவும் தெரியாது. நான் ஒரே ஒரு படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அந்தப் படங்கள் காட்டிய எதிர்காலமெல்லாம் நமக்கு இறந்தகாலமாகிவிட்டது. எல்லாருக்கும் சாம்பல் நிற உடுப்பு மாட்டி, சுவருக்குச் சுவர் கேமரா வைத்து, யார் எங்கே போகிறார்கள் என்று உளவு பார்ப்பார்கள். காசு கொடுத்து போன் வாங்கி அந்த வேலையை நாமே செய்துகொள்வோம் என்று பாவம் அவர்களுக்குத் தோன்றவில்லை. பேய்களின் ரப்பர் முகமூடி கழுத்தோரம் பிரிந்து தொங்குவது இப்போது பளிச்சென்று தெரிகிறது. சிரித்துவிட்டு அடுத்ததைத் தேடுவேன். என் படத்துக்குப் பெயர் தெரியாது. பூமிக்கு அடியில் ஒரு நகரம், முகமே இல்லாத காவலாளிகள், தப்பித்துப் போகிற ஒரு பெண், கடைசியில் அவளுக்குக் கிடைக்கும் வெள்ளை உடுப்பு. இவ்வளவுதான் என்னிடம் இருந்த துப்பு.

போன மாதம் மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். துடைத்துப் பளபளப்பாக்கி, அடியில் தமிழ் எழுத்தும் போட்டு ஏதோ ஒரு ஓடிடியில் விட்டிருந்தார்கள். முகமில்லாத முதல் காவலாளி திரும்பியதும் எழுந்து நின்றுவிட்டேன். பத்து வயதில் பார்த்த அதே படம்.

அதைப் பார்த்தது ஓர் அமாவாசையன்று. காஞ்சிபுரத்துத் தறி வீடுகளுக்கு அமாவாசைதான் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எந்த வீட்டிலும் தறிச் சத்தம் கேட்காது. காலையிலேயே சித்தப்பா கேசட் கடை பாயிடம் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வந்துவிடுவார். தறியின்மேல் பலகை போட்டு, அதன்மேல் டிவியை ஏற்றி, ஜன்னலுக்குக் கோணி கட்டிவிட்டால் பதினொரு மணி வெயிலிலும் எங்கள் வீடு தியேட்டர்தான். வழக்கமாகத் தமிழ்ப் படம்தான் வரும். அன்றைக்கு அதிசயமாக இங்கிலீஷ் படம் வந்தது. கேசட்டின்மேல் பெயர்கூட ஒட்டியிருக்கவில்லை. "நான் சொல்லிக்கினே வரேன், கவலப்படாதீங்க" என்றார் சித்தப்பா. பத்தாம் வகுப்பில் அவரை இரண்டு முறை கவிழ்த்தது இங்கிலீஷ்தான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவரைவிட இங்கிலீஷ் தெரிந்தவர்களும் இல்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சு படிப்புக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நின்றாள். அப்பாவோ ஆரணியில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார். எட்டுத் தறி, சொந்த வீடு, முதல் மனைவி இறந்து ஒரு வருடம். அத்தை அழுதாள், பட்டினி கிடந்தாள். "வாக்கு குடுத்துட்டேன்" என்பதற்குமேல் அப்பாவிடம் பதில் இல்லை. நர்சு படிப்புக்கு அத்தை எழுதிவைத்திருந்த விண்ணப்பம் அடுப்புக்குள் போனது. சித்தப்பா அத்தை கட்சி என்பதால் இருவரும் தனியாகப் பேசக்கூடாது என்று உத்தரவு. அம்மா நிழல்போல அத்தையுடனே இருந்தாள். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அதற்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

அப்பா படம் பார்க்க மாட்டார். அமாவாசைத் தர்ப்பணம் முடித்துக் கோயிலுக்குப் போய்விட்டார். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். அத்தை அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஒட்டினாற்போல் அம்மா. சித்தப்பா டிவி ஓரமாக நின்று மொழிபெயர்த்தார். முதலில் எல்லாம் வழக்கம்போல்தான் இருந்தது. திரையில் ஆள் மூச்சுவிடாமல் ஐந்து நிமிடம் பேசுவான், சித்தப்பா "பசிக்குதுன்றான்" என்பார். அந்த நகரத்து ஜனங்கள் வெளியே வந்தால் முகமில்லாதவர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். நான் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன்.

பாதிப் படத்தில் ஒருவன் அந்தப் பெண்ணிடம் இரண்டே வார்த்தை பேசினான். சித்தப்பா திடீரென்று குரலை மாற்றிக்கொண்டு பெரிதாக ஆரம்பித்தார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லாரும் வேலையில மும்முரமா இருப்பாங்க. நீ துணி துவைக்கிற மாதிரி பின்பக்கம் வந்துடு. கையில எதுவும் எடுத்துக்காத. உன் காகிதமெல்லாம் என்கிட்டதான் இருக்குது. தண்ணித் தொட்டி கீழ நிக்கிறேன். வண்டி ஏறிட்டா அப்புறம் எவனாலயும் தடுக்க முடியாதுன்னு சொல்றான்."

எனக்கு ஒரே குழப்பம். "சித்தப்பா, அவன் வாய மூடி எவ்ளோ நேரம் ஆச்சு. நீ இன்னும் பேசிக்கினு இருக்கிற" என்றேன்.

"இங்கிலீஷ்ல சுருக்கமா சொல்லுவாங்க கண்ணு. தமிழ்ல அது விரிஞ்சிக்கும்" என்றார். பிறகு, யாருக்கும் சரியாகக் கேட்டிருக்காது என்று அவரே சொல்லிக்கொண்டு, கேசட்டைப் பின்னால் ஓட்டி அதே காட்சியைப் போட்டு, அதையே இன்னொரு முறை சொன்னார். பத்து மணி, பின்பக்கம், தண்ணித் தொட்டி. அத்தை நார் எடுப்பதை நிறுத்தியிருந்தாள். அம்மா கொட்டாவி விட்டாள்.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண் வெள்ளை உடுப்போடு, வரிசையாகக் கட்டில் போட்ட ஒரு கூடத்தில் சிரித்த முகமாக நடந்துபோனாள். "தப்பிச்சிட்டா. வேலையில சேர்ந்துட்டா. யூனிபாரம் குடுத்துட்டாங்க" என்று முடித்தார் சித்தப்பா. நான் கை தட்டினேன்.

மறுநாள் அத்தை காணாமல் போனாள். வேலூரில் நர்சு படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்று பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. அப்பா தெரு கேட்கக் கத்தினார். சித்தப்பா ஆறு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆரணிக்காரர்கள் வந்து கண்டபடி பேசிவிட்டுப் போனார்கள், அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அத்தையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனைக்கும் நடுவில் படத்தையும் அத்தையையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அது வேறு, இது வேறு என்றே வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளையும் பெற்றுவிட்டேன்.

அப்படிப்பட்ட நான்தான் போன மாதம் டிவி முன்னால் நின்றிருந்தேன். அந்தக் காட்சி வந்தது. அவன் இரண்டு வார்த்தை பேசினான். திரைக்கு அடியில் தமிழில் எழுத்து வந்தது: 'ரேஷன் சீட்டு?'

ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டினேன். ரேஷன் சீட்டுதான். மறுபடியும் ஓட்டினேன். படம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி என்று ஒன்று இல்லை. பத்து மணி இல்லை, துணி துவைப்பது இல்லை. கடைசியில் அந்தப் பெண் தப்பிக்கவும் இல்லை. அவளைப் பிடித்து, மூளையைக் கழுவி, வெள்ளை அங்கி மாட்டி நடக்கவிட்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அதனால் வந்த சிரிப்பு. "செம டார்க்மா" என்றாள் மகள். நான் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "உக்காரும்மா, தலை சுத்துது" என்று அவள் கத்தியதும்தான் நின்றேன்.

சித்தப்பா இப்போது இல்லை. அத்தைக்குப் போன் போட்டேன். வேலூரிலேயே வேலை பார்த்து, ஓய்வு பெற்று, அங்கேயே இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இவ்ளோ வருசம் ஆச்சா உனக்குப் புரிய? வேற வழி இன்னா இருந்துச்சு சொல்லு. உங்கம்மா ஒட்டிக்கினு உக்காந்திருக்கா. பாய் கடை விலாசம் போட்டு சின்னண்ணன் இன்னொரு தடவ விண்ணப்பம் அனுப்பியிருந்தான். மறுநாளு நேர்ல வரச் சொல்லி லெட்டர் வந்துடுச்சு. எனக்கு எப்படிச் சொல்லுவான்?" சிரிப்பு அடங்கியதும் சொன்னாள். "பெரியண்ணனுக்கு மட்டும் அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா, பஸ் ஸ்டாண்டுலயே என்ன வெட்டிப் போட்டிருப்பாரு. தெரியாம போனதால பொழச்சேன்."

ஆனால் அப்பாவுக்கு அன்றைக்கே தெரியும். நான்தான் சொன்னேன்.

படம் பார்த்த மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு நான் தறியில் அப்பாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒரு பக்கத்துக் கரைக்குத் தனியாக இன்னொரு கை, குறுக்கிழை ஓட்டும் நாடா என்ற கட்டையைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பள்ளிக்கூட லீவில் அந்தக் கை என்னுடையது. சும்மா உட்கார என்னால் முடியாது என்பதால் ஏதாவது கதை பேசிக்கொண்டே போடுவேன். அப்பா காதில் வாங்க மாட்டார். அன்றைக்கு நேற்றைய படத்தைச் சொன்னேன், ஒரு வரி விடாமல். துணி துவைக்கிற மாதிரி வர வேண்டும், காகிதம் அவனிடம் இருக்கிறது, எல்லாம் சொன்னேன்.

அப்பாவின் கால் தறியின் மிதிப்பலகையில் அப்படியே நின்றது. "எத்தினி மணிக்குன்னு சொன்னான்?"

"பத்து மணிக்குப்பா."

"எங்க நிக்கிறேன்னான்?"

"தண்ணித் தொட்டி கீழ."

எங்கள் தெருவிலிருந்து ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு சைக்கிளில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அப்பாவின் சைக்கிள் வாசலில்தான் நின்றது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல கத. இத வேற யாருக்கும் சொல்லாத, பயந்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நெய்யத் தொடங்கினார். முன்பைவிட வேகமாக நெய்தார், என் கை வலித்தது.

பத்து மணி தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எங்க போனா இவ? துணி அப்பிடியே ஊறிக்கினு இருக்குது." செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது.

அப்பா என் கையிலிருந்த நாடாவை வாங்கினார். அதை நெடுக்கிழைகளான பாவுக்கு நடுவில் வைத்தார். இழையை அடித்து இறுக்கும் அச்சுப் பலகையை இழுத்து அதன்மேலேயே ஓங்கி அடித்தார். பட்டு இழைகள் படபடவென்று அறுந்து தொங்கின. கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் செய்கிற தப்பு அது. அவர் தறியில் நான் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை.

"ஏய், இங்க வா! உம் பொண்ணு நாடாவ பாவுல மாட்டிட்டா. எல்லாம் போச்சு!" என்று கூப்பிட்டார்.

அம்மா செருப்போடு ஓடி வந்தாள், தறியைப் பார்த்தாள், என் தலையில் நறுக்கென்று குட்டினாள். அறுந்த இழைகளை முடிச்சுப் போடுவதில் எங்கள் தெருவிலேயே அவள் கைதான் வேகம். அறுந்த பாவை விட்டுவிட்டு எழுந்து போக எந்தத் தறிக்காரியாலும் முடியாது. செருப்பை உதறிவிட்டு உட்கார்ந்தாள்.

இதையெல்லாம் அத்தையிடம் போனில் சொல்லி முடித்தேன். 

"எத்தினி இழை போச்சு?" என்று கேட்டாள் அத்தை.

"தெரியல அத்தை. அம்மா எல்லாத்தையும் முடிச்சு போட்டு எழுந்தப்ப மத்தியானம் ரெண்டு மணி."

"அந்தப் பொடவை?"

"பழுதுன்னு திருப்பிட்டாங்க."

அத்தை அழுதாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே எங்கண்ணன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவருடைய ஈமச்சடங்குக்கு வந்தபோதுகூட உள்ளே வரப் பயந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனவள் அவள்.

அன்றைக்கு அம்மா குட்டியதும் நான் "நான் இல்ல, அப்பாதான்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் நம்புவார்கள்? ஒரு நிமிடம் ஒழுங்காக உட்காராத பெண் என்று ஊருக்கே தெரியும். அப்பா என் முகத்தைப் பார்த்து, "பேசாம இரு கண்ணு" என்றார், கெஞ்சுவதைப்போல. கண் கலங்கியிருந்தது. புடவை வீணாகிவிட்டதே என்று அழுகிறார் என்று நினைத்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. செய்வதையும் செய்துவிட்டு என் தலையில் பழியைப் போட்ட மனிதரோடு இனிமேல் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். லீவு முடியும்வரை அவர் பக்கத்தில் உட்காரவே இல்லை.